சீமைக் கருவேலத்தைக் கொண்டுவந்தது காமராஜரா? 1876-ல் கடிதம் எழுதிய ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கதை

கூமாப்பட்டியை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். 2025-ல் ஒரு வீடியோ வைரலான பிறகு, வத்திராயிருப்பு என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட பிளவக்கல் அணைக்கு வழி விசாரித்தார்கள். மேற்கே மலை, அடிவாரத்தில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல்வயல். ரீல்ஸ் அதோடு முடிந்துவிடும். வண்டியை அங்கிருந்து கிழக்கே திருப்பி சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று போய்க்கொண்டே இருந்தால் பச்சை குறையாது, ஆனால் ஆள் மாறிவிடும். சாலையோரம், தரிசு, ஓடை, கண்மாய் உள்வாய் எல்லா இடத்திலும் ஒரே மரம். சீமைக் கருவேலம்.

இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது காமராஜர்தான் என்று ஒரு ஃபார்வர்டு பல வருஷமாகச் சுற்றுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து விதை வந்தது, ஹெலிகாப்டரில் தூவினார்கள், வெளிநாட்டுச் சதி என்று ஒவ்வொரு முறையும் கதையில் ஒரு மசாலா கூடும். சொந்த மாவட்டமான விருதுநகரிலேயே இதை நம்புகிறவர்கள் நிறைய.

காமராஜர் பிறந்தது 1903-ல். முதலமைச்சராக இருந்தது 1954 முதல் 1963 வரை. மதராஸ் மாகாண மண்ணில் இந்த மரத்தின் விதை விழுந்தது 1877-ல். அதாவது அவர் பிறப்பதற்கு 26 வருஷம் முன்னாலேயே. விதை வேண்டும் என்று அரசுக்குக் கடிதம் எழுதியவர் பெயர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம்.

கூகுளில் தேடினால் பெடோம் பெயரில் பாம்பு வரும், தவளை வரும், பல்லி வரும், ஒரு சைகஸ் மரமே வரும். தென்னிந்தியக் காடுகளை அவரைப் போல அறிந்த அதிகாரி அந்தக் காலத்தில் இன்னொருவர் இருந்தாரா என்பது சந்தேகம். இந்த விஷயத்தில் இடிக்கிற இடமும் அதுதான்.

சட்டம் படிக்க வேண்டியவர்

1830 மே 11-ல் லண்டனில் பிறந்தார் பெடோம். அப்பா வழக்கறிஞர். மூத்த மகன் என்பதால் அவரும் சட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். பையனுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. 1848-ல், 18 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். முதலில் இருந்தது ஜபல்பூர் பக்கம். காலாட்படை வேலை, கூடவே மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு. அவருடைய ராணுவ வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. கேப்டன், மேஜர், கர்னல் என்ற பட்டங்கள் மட்டும் கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

1856-ல் மதராஸ் மாகாணத்துக்கு என்று தனியாக வனத்துறை தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக வந்தவர் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். செடிகொடி தெரிந்த, நடக்கச் சலிக்காத இளம் அதிகாரிகளை அவர் தேடினார். பெடோம் கண்ணில் பட்டார். உதவியாளராகச் சேர்ந்தவர், 1860-லேயே கிளெக்ஹார்னின் இடத்துக்கு வந்துவிட்டார். வயது 30. 1882-ல் ஓய்வு பெறும்வரை 22 வருஷம் அதே நாற்காலி.

நாற்காலி என்று சொன்னாலும் அவர் அதில் உட்கார்ந்த நேரம் குறைவாகத்தான் இருந்திருக்கும். நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, சிறுமலை, திருவிதாங்கூர் மலைகள், வடக்கே கடப்பா, அதற்கும் மேலே இன்றைய ஒடிசாவின் ஜெய்ப்பூர் மலைகள் வரை அலைந்திருக்கிறார். ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிற சிவகிரி மலையிலும் அவர் கை பட்டிருக்கிறது. அங்கிருந்தும் ஆனைமலையிலிருந்தும் போன தவளைகளை வைத்து லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் ஒரு புது இனத்துக்கே பெயர் வைத்தார். வத்திராயிருப்புக்கு மேலே தெரிகிற அதே மலைத்தொடரின் தொடர்ச்சிதான் அது.

அவருக்குப் பிடித்தமானவை இரண்டு. ஒன்று பெரணி. தென்னிந்தியாவின் பெரணிகளைப் பற்றி 1863-ல் அவர் வெளியிடத் தொடங்கிய புத்தகத்தில் 271 படங்கள். அடுத்து பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான பெரணிகள். அப்புறம் தென்னிந்திய மரங்களுக்கு என்று 330 படங்களோடு ஃபுளோரா சில்வாட்டிகா. 1869-ல் தொடங்கிய இந்தப் பெரிய வேலை சில வருஷங்களுக்குப் பகுதி பகுதியாக வெளிவந்தது. தென்னிந்தியக் காட்டு மரம் ஒன்றின் பழைய படத்தைத் தேடுகிற ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

இரண்டாவது, கேடயவால் பாம்புகள். மண்ணுக்குள்ளேயே வாழ்கிற, விஷமில்லாத, கையில் எடுத்தால்கூடக் கடிக்காத சாதுப் பாம்புகள். வால் நுனி சொரசொரப்பாக, சிலவற்றில் கேடயம் மாதிரி தட்டையாக இருக்கும். உலகத்தில் இவை வாழ்வது இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டும்தான். ஒவ்வொரு மலைக்கும் ஒரு தனி இனம் இருக்கும் அளவுக்கு உள்ளூர்த்தன்மை கொண்டவை. அவற்றில் கணிசமானவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெடோம். ஒரு மலையில் இருப்பது பக்கத்து மலையில் இருக்காது என்பதைப் புத்தகத்தில் படித்தல்ல, சொந்தக் கையால் மண்ணைக் கிளறிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

ஜெய்ப்பூர் மலையில் அவர் பிடித்து 1870-களின் கடைசியில் விவரித்த தரைப்பல்லி ஒன்று, அதற்குப் பிறகு 130 வருஷத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றுகூட நினைத்தார்கள். 2010-ல்தான் மறுபடி அகப்பட்டது. அவருடைய குறிப்புகளின் தரம் அப்படி.

விறகு என்ற தலைவலி

இவ்வளவு தெரிந்த ஒருவர் ஏன் ஜமைக்காவிலிருந்து முள்மர விதை கேட்டார்? அதற்கு ரயிலைப் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த 15 வருஷத்தில் மதராஸையும் பம்பாயையும் இணைக்கும் பாதை கடப்பா வழியாக ராய்ச்சூர் வரை போய்ச் சேர்ந்தது. நிலக்கரி வங்காளத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கப்பலில் வர வேண்டும். செலவு தாங்காது. அதனால் மதராஸ் ரயில் இன்ஜின்கள் விறகில்தான் ஓடின. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இருந்த காடு அடுப்புக்குள் போனது. ஊர்களுக்கும் சமைக்க விறகு வேண்டும். கிழக்குக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் கிளம்பியதும் இந்த விறகுப் பசியால்தான். ஆனால் சவுக்குக்கு மணலும் ஈரமும் வேண்டும். மழையே சரியாகப் பார்க்காத கடப்பா, பெல்லாரி, கர்நூல் பக்கம் என்ன நடுவது?

பெடோமின் வேலை, காட்டைக் காப்பதும் விறகைக் கொடுப்பதும். ஒன்றுக்கொன்று முட்டுகிற இரண்டு வேலை ஒரே மேஜையில். வறண்ட நிலத்தில் தானாக வளர்கிற விறகு மரம் ஒன்று கிடைத்தால் மலைக்காட்டின் மேல் விழுகிற கோடரி குறையும். கணக்கு அதுதான். கேட்டால் இன்றுகூடப் பலர் தலையாட்டக்கூடிய கணக்கு.

1876-ல் மாகாண வருவாய்த் துறைச் செயலருக்கு அவர் எழுதினார். நல்ல விதையாக வரவழைத்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. அந்த வருஷம்தான் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. மழை பொய்த்து, 1878 வரை லட்சக்கணக்கானோரைப் பலி வாங்கிய பஞ்சம். கடப்பாவும் பெல்லாரியும் அதில் மோசமாக அடிபட்ட மாவட்டங்கள். விதை ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தது. அதுவும் பிரிட்டிஷ் காலனி என்பதால் பெரிய சிக்கல் இல்லை. 1877-ல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். கமலாபுரம் அந்த ரயில் பாதை மேலேயே இருக்கிற ஊர்.

அவ்வளவுதான். ஹெலிகாப்டரும் இல்லை, சதியும் இல்லை. ஓர் அலுவலகக் கடிதம், கொஞ்சம் விதை.

யாருக்குமே தெரியாதா?

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று சொல்லி பெடோமை விட்டுவிடலாம். முழுசாக அப்படி விட முடியாது.

ஒரு பக்கம், வெளிநாட்டு மரம் கொண்டுவருவது அப்போது தப்பில்லை, அது நல்ல அதிகாரிக்கு அடையாளம். ஆஸ்திரேலிய வேட்டிலும் யூகலிப்டஸும் 1840-களிலேயே நீலகிரிக்கு வந்துவிட்டன. 1860-ல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா வந்தது. மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. அயல் உயிரினங்களின் படையெடுப்பு என்று ஒரு துறையே பேசத் தொடங்கியது, பிரிட்டிஷ் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் 1958-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான். பெடோம் செத்து 47 வருஷம் கழித்து.

இன்னொரு பக்கம், எச்சரிக்கை அவர் கண் முன்னாலேயே நின்றது. சப்பாத்திக்கள்ளி. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி, துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்க ஆசைப்பட்டது. அந்தச் சாயம் தருகிற கொச்சினீல் பூச்சி கள்ளியில்தான் வாழும். அதனால் மதராஸ் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். சாயத் தொழில் தேறவில்லை. கள்ளி தேறிவிட்டது. வேலிக்கு நட்டது வயலுக்குள் வந்து, மேய்ச்சல் நிலத்தை மூடி, பெடோம் காலத்தில் மாகாணத்தின் பெரிய தொல்லைகளில் ஒன்றாகியிருந்தது. வெட்டிப் பார்த்தார்கள், எரித்துப் பார்த்தார்கள். கடைசியில் 1920-களில் வேறொரு கொச்சினீல் பூச்சியை இலங்கை வழியாகக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்மாவட்டங்களில் கள்ளிக்காடு சரிந்தது. டார்வினும் 1830-களிலேயே தென் அமெரிக்கப் புல்வெளியில் ஐரோப்பிய முள்செடி ஒன்று கண்ணுக்கெட்டும் தூரம்வரை மூடிக் கிடந்ததைப் பார்த்து எழுதியிருந்தார்.

எனவே, ஒரு வெளியூர்ச் செடி கைமீறிப் போகும் என்பது தெரியாத விஷயம் அல்ல. அதை ஒரு கேள்வியாகக் கேட்டுப் பதில் வந்த பிறகு விதை இறக்க வேண்டும் என்ற நடைமுறைதான் இல்லை.

அவர் தேடிய குணங்களைப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் வளர வேண்டும். உப்பு மண்ணிலும் நிற்க வேண்டும். ஆடு மாடு இலையைத் தின்னக் கூடாது. வெட்டினால் மறுபடி தழைய வேண்டும். விறகுத் தோட்டக்காரனுக்கு இவை நான்கும் வரம். கண்மாய்க்கு இவை நான்கும் சாபம். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. இலையைத் தொடாத ஆடுமாடு, அதன் இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். விதை சீரணமாகாமல் சாணத்தோடு வெளியே விழும். உரத்தோடு சேர்ந்தே விதைப்பு நடந்துவிடும்.

பெரணிக்குத் திரும்பிய கர்னல்

1882-ல், 52 வயதில், பெடோம் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். மதராஸ் வனச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். அடுத்த வருஷமே இந்தியா, இலங்கை, மலாய்த் தீபகற்பத்துப் பெரணிகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார். 1886-ல் இந்திய, இலங்கை மண்பாம்புகளைப் பற்றி ஒரு தொகுப்பு. 1892-ல் பெரணிக் கையேட்டுக்கு ஒரு பின்னிணைப்பு. அவருடைய மாதிரிகள் லண்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. 1911 பிப்ரவரி 23-ல் லண்டனின் வான்ட்ஸ்வொர்த்தில் 80 வயதில் இறந்தார்.

அவர் பட்டியலில் ஜமைக்கா விதை ஒரு சின்ன வரி. பாம்புக்கும் பெரணிக்கும்தான் அவரை நினைவுகூர்ந்தார்கள், இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் பெயரைத் தாங்கிய சைகஸ் பெடோமி என்ற மரம் திருப்பதி, கடப்பா மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சர்வதேச வணிகத்தைத் தடுக்கும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிற, அழிவின் விளிம்பு மரம். சீமைக் கருவேலம் முதலில் இறங்கியதும் அதே கடப்பா மாவட்டம்.

விதை போன வழி

தமிழ்நாட்டில் இன்று நிற்கிற ஒவ்வொரு முள்மரமும் கமலாபுரத்து விதையின் பேரன் என்று சொல்ல முடியாது. சிந்து மாகாணத்திலும் அதே சமயத்தில் விதைத்தார்கள். பின்னாலும் பல நாடுகளிலிருந்து பல தடவை விதை வந்தது. 1913-ல் ராஜஸ்தானுக்குப் போனது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதை அரச மரமாக, அதாவது ராஜாவின் மரமாக அறிவித்து, மக்கள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவே போட்டது. 1960-களில் குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்புப் பாலைவனம் நகர்ந்து வராமல் தடுக்க வனத்துறை பெரிய அளவில் விதைத்தது. அங்கே பன்னி புல்வெளியில் எருமை மேய்த்த மால்தாரிகள் இன்று புல்லைத் தேடி அலைகிறார்கள்.

காமராஜர் பெயர் இதில் எப்படி ஒட்டியது என்பதும் இங்கேதான் புரியும். சுதந்திரத்துக்குப் பிறகு விறகுக்கும் வேலிக்கும் தரிசைப் பசுமையாக்கவும் நாடு முழுக்க அரசுத் துறைகள் இந்த மரத்தை ஊக்குவித்தன. வறண்ட மாவட்டத்துக்காரர்கள் இதைப் பெருமளவில் பார்க்கத் தொடங்கியது அந்தக் காலத்தில். அப்போது ஆட்சியில் இருந்தவர் பெயர் மரத்தின் மேல் ஏறிவிட்டது. பரவலில் அரசுக்குப் பங்கு உண்டு. அறிமுகத்தில் காமராஜருக்குப் பங்கில்லை.

ஊர் ஊருக்கு இதற்கு வைத்திருக்கும் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. வட இந்தியாவில் விலாயதி பபூல், அதாவது சீமைக் கருவேலமேதான். ஆந்திரத்தில் சர்க்கார் தும்மா, அரசாங்கத்துக் கருவேலம். கட்சில் காண்டோ பாவல், கிறுக்குக் கருவேலம். நம் பக்கம் வேலிக்காத்தான். வேலியைக் காத்தது உண்மைதான், பிறகு வேலிக்கு உள்ளே வந்தது. தாவரவியலாளர்கள் இதுவரை புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா என்றார்கள். 2022-ல் வகைப்பாட்டை மாற்றி நெல்டூமா ஜூலிஃபுளோரா ஆக்கிவிட்டார்கள். பழைய கணக்கில் இதற்கு ஒரு நாட்டு உறவுக்காரர் உண்டு: கோயில்களில் தலவிருட்சமாக நிற்கிற வன்னி.

இலங்கையில் 1950-களில் அம்பாந்தோட்டைப் பக்கம் நட்டது பூந்தலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்தது. கென்யாவில் கதை இன்னும் விசித்திரம். பாரிங்கோ ஏரிப் பகுதி மேய்ச்சல்காரர்கள், இந்த மரத்துக்காக அரசு மேல் வழக்குப் போட்டு, பல் போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கூட்டிப் போனார்கள். சர்க்கரை மிகுந்த நெற்றைத் தின்று தின்று பல் கெட்டுப்போனது என்பது அவர்கள் வாதம்.

எது உண்மை, எது கட்டுக்கதை?

சீமைக் கருவேலம் ஆக்ஸிஜன் விடாது என்பது சுத்தப் பொய். பச்சை இலை உள்ள எந்தச் செடியும் ஒளிச்சேர்க்கை செய்யும், ஆக்ஸிஜன் விடும். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதியாக இருப்பதற்கு மேற்கே நிற்கிற மலைதான் காரணம். மரம் வருவதற்கு முன்னாலும் அது அப்படித்தான்.

உண்மையான பாதிப்பைச் சொல்ல மிகை தேவையில்லை. வேர் ஆழத்துக்கும் பக்கத்துக்கும் போகும். மற்ற மரங்கள் இலை உதிர்த்து ஓய்கிற கோடையிலும் இது தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும். புதராக மண்டி அடியில் புல்லை விடாது, மேய்ச்சல் போகும். வரத்துக்கால்வாயில் நின்றால் தண்ணீர் கண்மாய்க்கே வந்து சேராது. வைப்பாற்றுப் படுகை முழுக்கக் கண்மாய்ப் பாசனம்தான். வத்திராயிருப்புக்குப் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் துணை இருக்கின்றன. அந்தக் கொடுப்பினை இல்லாத கடைமடைக் கண்மாய்களில் உள்வாய் தூர்ந்து, முள் மண்டி, மழை பெய்தும் தேங்காமல் போகிறது. அடுத்த வருஷம் விதைக்கிறவர் குறைவார், தரிசு கூடும். தரிசில் இன்னும் முள் கூடும்.

ஆனால் அதே முள்தான் பல ஆயிரம் குடும்பங்களுக்கு அடுப்பும் கூலியும். விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களில் கரிமூட்டம் போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். மழை பொய்த்து விவசாயம் படுத்த வருஷத்தில் சொந்த நிலம் இல்லாதவர்களுக்குக் கை கொடுத்தது இந்த மரம். விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் இதை வாங்குகின்றன. ஒரு விஷயத்தில் பெடோம் கணக்கு தப்பவில்லை. விறகு கிடைத்தது.

இந்த இழுபறியைத்தான் நீதிமன்றமும் பார்த்தது. மதுரைக் கிளையில் வைகோ தொடர்ந்த வழக்கில் 2017 தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் மரங்களை அகற்ற உத்தரவு வந்தது. பொக்லைன்கள் இறங்கின. சில மாதங்களில் சென்னையில் இன்னொரு வழக்கு, இடைக்காலத் தடை, நிபுணர் குழு. மறுபடி 2022-ல் உயர் நீதிமன்றம் அரசிடம் கொள்கை கேட்டது. அந்த ஜூலையில் அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமான கொள்கையைத் தமிழ்நாடு வெளியிட்டது. உன்னிச்செடி, மலைகளில் மஞ்சள் பூவோடு பரவுகிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ், வேட்டில் எல்லாமே அரசின் கவனத்தில் இருக்கின்றன. எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் யாரோ அழகுக்கோ பயனுக்கோ ஆசைப்பட்டு நட்டவை.

இன்று பெடோம் கடிதம் எழுதினால்?

உடனே விதை வராது. 2003-ல் வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். புதிய இனம் என்றால் ஆபத்து மதிப்பீடு முடிய வேண்டும். அந்த நாட்டின் சான்றிதழ் வேண்டும், இங்கே வந்து இறங்கும்போதும் சோதனை உண்டு. 1992-ல் உருவான ஐ.நா. உயிர்ப்பன்மை ஒப்பந்தத்தில் அயல் இனங்களைத் தடுப்பது நாடுகளின் கடமை என்று ஒரு பிரிவே இருக்கிறது. 2022-ல் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், புதிய ஊடுருவல் இனங்கள் நுழைந்து நிலைபெறும் வேகத்தை 2030-க்குள் பாதியாவது குறைப்பது என்று இலக்கு வைத்தன.

காகிதத்தில் இது சரி. நடப்பில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வருகிற அலங்காரச் செடி, அக்வேரியத்தில் வளர்ந்து பெரிதானதும் கண்மாயில் கொட்டப்படுகிற மீன், சரக்கு மூட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற விதை இவற்றை யார் நிறுத்துவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பெடோமாவது அரசிடம் எழுதிக் கேட்டார், தேதியும் ஊரும் பதிவில் இருக்கின்றன. அடுத்து வரப்போகிற செடிக்கு அப்படி ஒரு கடிதம்கூட இருக்காது.

வந்த பிறகு விரட்டும் வழிகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நெற்றுக்குள் புகுந்து விதையைத் துளைக்கிற வண்டுகளை இறக்கி, பரவும் வேகத்தைக் குறைக்கப் பார்த்தன. கள்ளிக்குச் செய்ததை இதற்கும் செய்யலாமே என்று இங்கேயும் கேட்பவர்கள் உண்டு. வன்னி மாதிரி நெருங்கிய சொந்தம் இந்த மண்ணில் இருக்கும்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. பெடோம் கதையைப் படித்தவர்கள் இன்னொரு வெளிநாட்டு விருந்தாளியை இறக்குவதற்கு முன் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

கண்மாயில் நடக்கும் வேலை இதைவிடச் சாதாரணம். தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில் இறங்க வேண்டும். மரத்தை வெட்டினால் போதாது, தூரோடு பெயர்க்க வேண்டும். அடிக்கட்டை மண்ணில் நின்றால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் தழைக்கும். நெற்று பழுத்து விழுகிற கோடையில் ஆடுமாட்டை முள்ளுக்குள் மேயவிட்டு அப்படியே சுத்தமான நிலத்துக்கு ஓட்டக் கூடாது. கரைமேல் கூடு கட்டியிருக்கும் பறவைகள் குஞ்சு பொரித்துக் கிளம்பும்வரை அந்த மரங்களை விட்டுவைப்பது நல்லது. காலியான இடத்தைச் சும்மா போடாமல் நாட்டுக் கருவேலம், மருது, நாவல் என்று மண்ணுக்கு ஏற்றபடி நட வேண்டும். அப்புறம் மண்ணுக்குள் கிடக்கிற பழைய விதை முதல் மழையிலேயே முளைக்கும். விரல் உயரத்தில் இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். இதை ஒரு வருஷம் செய்தால் போதாது, முளைப்பது நிற்கும்வரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செய்ய வேண்டும்.